பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

பொங்கலுக்கு முந்தைய இரண்டு ராத்திரிகளில் பெருங்களத்தூரில் நின்று பார்த்தால் தெரியும், சென்னையில் பாதிப் பேர் தென்மாவட்டத்துக்காரர்கள் என்று. பதினைந்து வருஷமாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். திருநெல்வேலிக்குப் போய்வர நான் செய்யாத தவறு இல்லை. அவற்றில் முதலிடம், போகிற டிக்கெட்டை எடுத்துவிட்டு, திரும்புகிற டிக்கெட்டை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டதற்குத்தான்.

ஊருக்குப் போகிற கூட்டம் இரண்டு மூன்று நாட்களில் பிரிந்து போகும். ஒருத்தர் வெள்ளிக்கிழமை லீவு போடுவார், இன்னொருத்தர் போகியன்று காலையில் கிளம்புவார். திரும்பும்போது அப்படியில்லை. மறுநாள் காலை ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் அதே ராத்திரிதான். ஆகவே தேடவேண்டியது முதலில் திரும்பும் டிக்கெட்.

இதற்கு நாள் கணக்கு தெரிய வேண்டும். ரயில் முன்பதிவு முன்பு 120 நாட்களுக்கு முன்னால் திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். பயணம் செய்யும் நாளை இதில் சேர்ப்பதில்லை. ஜனவரி 13 ரயிலுக்கு நவம்பர் 14, ஜனவரி 18 ரயிலுக்கு நவம்பர் 19, காலை 8 மணி. தீபாவளி ஜவுளி வாங்கிய களைப்பு தீருவதற்குள் பொங்கல் டிக்கெட் போய்விடும். இன்னொன்று, ரயில் டிக்கெட் எடுக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்துக் கணக்கில் ஆதாரைச் சரிபார்க்காமல் இருப்பது. முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் வழி. கடைசி நேர முன்பதிவான தட்கலும் 2025 ஜூலையிலிருந்து அப்படித்தான். காலை 7.55க்கு ஓடிபிக்காகக் காத்துக்கொண்டு உட்காராதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

தட்கலையே நம்பியிருப்பதும் தவறுதான். ஏசி வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. பண்டிகை சமயத்தில் பக்கம் திறந்து பெயர் அடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். கன்ஃபர்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்ப வராது.

வெயிட்டிங் லிஸ்ட் என்றதும் எல்லோரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை. ஜி.என்.டபிள்யூ.எல். என்றால் வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுப்பவர்களுக்கான பொது ஒதுக்கீடு, கிடைக்க வாய்ப்பு அதிகம். பி.கியூ.டபிள்யூ.எல். என்றால் வழியில் உள்ள பல ஊர்களுக்கும் பொதுவான சின்ன ஒதுக்கீடு. எண் 10 என்றாலும் நம்ப முடியாது. மதுரையில் ஏறுபவர்கள் திருநெல்வேலியிலிருந்தே டிக்கெட் எடுத்துவிட்டு, ஏறும் இடத்தை மதுரை என்று வைத்துக்கொள்வது இதற்காகத்தான். கொஞ்சம் கூடுதல் கட்டணம், ஆனால் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஏறும் இடத்தை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் போனால் உங்கள் படுக்கையில் வேறு யாராவது தூங்கிக்கொண்டிருப்பார், டிக்கெட் பரிசோதகர் தோளைக் குலுக்குவார்.

எல்லோரும் ராத்திரி வண்டியையே தேடுவது இன்னொரு பழக்கம். நெல்லை, பாண்டியன், முத்துநகர் எக்ஸ்பிரஸ்களில் இடம் கிடைக்கவில்லை என்றதும் கையை விரித்துவிடுகிறார்கள். மதுரையிலிருந்து காலையில் வைகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து 2023 செப்டம்பர் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சென்னை. அரை நாள் லீவு போனாலும் தூக்கம் மிச்சம்.

சரி, ரயில் கிடைக்கவில்லை, ஆம்னி பஸ்தான். இங்கே நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒரு வருஷம் ஆன்லைனில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று எடுத்த டிக்கெட், கிளம்பும் நாள் மாலை 6 மணிக்குக் கேன்சல் என்று குறுஞ்செய்தி வந்தது. பணம் நாலு நாளில் திரும்பி வந்தது, ஆனால் அன்று ராத்திரி வேறு பஸ்ஸுக்கு இரண்டு மடங்கு கொடுத்தேன். அதன்பிறகு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: பண்டிகை இல்லாத சாதாரண வாரத்தில் அதே நேரத்துக்கு அந்தச் சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஓடவில்லையென்றால் தொடமாட்டேன். அரசு விரைவுப் பேருந்தை மட்டமாக நினைப்பதும் வேண்டாம். பண்டிகைக்காக அதன் கட்டணம் ஏறுவதில்லை. எங்கே ஏறுவது என்பதை மட்டும் சரிபாருங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகும் தென்மாவட்ட பஸ்ஸைப் பிடிக்கப் பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

படுக்கை பஸ்ஸில் ஏறியதும் போனைச் சார்ஜில் போடுவதற்கு முன்னால் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 2025 அக்டோபரில் கர்னூல் அருகே ஒரு பஸ் பைக்கில் மோதித் தீப்பிடித்து 19 பயணிகள் இறந்தார்கள். நடைபாதையில் பெட்டியை அடுக்கினால் இருட்டில் யாராலும் வெளியே வர முடியாது. ரயிலில் பட்டாசோ கேஸ் அடுப்போ எடுத்துப்போவதும் அப்படியான விஷயம்தான். 2023 ஆகஸ்டில் மதுரையில் சுற்றுலாப் பெட்டியில் ஒளித்து வைத்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டப்படி இதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. தீபாவளிக்கு ஊரிலேயே பட்டாசு வாங்கிக்கொள்ளலாமே.

காரில் போகிறவர்கள் ஆபீஸ் முடித்து மாலையிலேயே கிளம்புவதுதான் பெரிய தவறு. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு தாண்டவே மணிக்கணக்காகும், அந்தக் களைப்போடு இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவேண்டும். கண் சொக்குவது விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு. தூங்கி எழுந்து அதிகாலையில் கிளம்புங்கள். மாலையில்தான் முடியும் என்றால் ஓ.எம்.ஆரில் போய்த் திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டைப் பிடிக்கலாம். சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கான பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் அது வேலை செய்யாவிட்டால் யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு கட்டவேண்டும். வழியில் வண்டி நின்றுபோனால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ரயிலில் ஏதாவது என்றால் 139.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதைப் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவையுங்கள், முகநூலில் சொல்லவேண்டாம்.

கடைசியாக, போகும்போது பையை நிரப்பாதீர்கள். திரும்பும்போது அம்மா அரிசி, தேங்காய், முறுக்கு டப்பா, ஒரு தூக்கில் மீன்குழம்பு என்று கட்டிவைத்திருப்பார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு வருஷமும் நடந்ததில்லை.