ஜனவரில மருந்து பில் ஏன் எகிறுச்சு? – என் அனுபவம்

நாங்க இருக்கறது நியூ ஜெர்சில. பொண்ணுக்கு வீசிங், மாசாமாசம் ஒரு இன்ஹேலர், டிசம்பர் வரைக்கும் 30 டாலர் கோபே (ஒவ்வொரு தடவையும் நம்ம பங்கா கட்டற தொகை, மீதி இன்சூரன்ஸ் பாத்துக்கும்) கட்டி வாங்கிட்டு இருந்தோம், ஜனவரி ரெண்டாவது வாரம் பார்மசில போய் நின்னா 280 டாலர்ங்கறாங்க. தலை சுத்திருச்சு, பின்னாடி வேற பெரிய க்யூ, வாங்காமலே திரும்பிட்டேன்.

இன்சூரன்ஸுக்கு போன் போட்டு நாப்பது நிமிஷம் மியூசிக் கேட்டப்புறம்தான் புரிஞ்சுது. ஜனவரி 1 வந்தா டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் காசு குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருஷாவருஷம் நாம கைல இருந்து கட்டவேண்டிய தொகை, மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிக்குது, எங்க பிளான்ல மருந்துக்கும் அது உண்டு, அது முடியற வரைக்கும் கோபே கிடையாது, முழு விலையும் நம்ம தலைலதான். போதாததுக்கு அவங்க மருந்து லிஸ்ட், அதான் ஃபார்முலரி, அதுல இந்த பிராண்டை டயர் 2ல இருந்து 3க்கு தூக்கிட்டாங்க, டயர்னா படி, நம்பர் ஏற ஏற நம்ம பங்கும் ஏறும். லெட்டர் அனுப்பினாங்களாம், யாரு படிச்சா!

புது லிஸ்டை டவுன்லோட் பண்ணி, டயர் 1ல இருக்கற ஜெனரிக் (பிராண்ட் பேர் இல்லாம வர்ற மருந்து) பேரை டாக்டர் ஆபீஸுக்கு மெசேஜ் போட்டேன், ஒத்துவரும்னு மறுநாளே மாத்தி எழுதிட்டாங்க. பார்மசில இன்னொரு கேள்வியும் கேட்டேன், இன்சூரன்ஸ் போடாம வாங்கினா எவ்வளவுன்னு. அதை சொல்லக்கூடாதுன்னு பார்மசிஸ்ட் வாயை இன்சூரன்ஸ்காரங்க கட்டிவைக்க 2018ல வந்த அமெரிக்க சட்டத்துக்கு அப்புறம் முடியாது, ஆனா நாம கேக்கணும். புது ஜெனரிக் இன்சூரன்ஸ்ல 65 டாலர், இன்சூரன்ஸ் போடாம தள்ளுபடி கூப்பன்ல 41. கூப்பன்ல கட்டற காசு பொதுவா டிடக்டிபிள்ல சேராது, அதனால பெரிய ஆஸ்பத்திரி செலவு வரப்போற வருஷம்னா யோசிக்கணும். எங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்ல, 41 கட்டிட்டு வந்துட்டேன்.