ஹேண்டில்பாரை மாற்றுமுன் பிரேக் லீவரைத் திருப்பிப் பாருங்கள்

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் எதிர்காற்றில் 2 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் மிதித்தால் தெரியும், முதலில் கடுப்பது மணிக்கட்டுதான். பெரும்பாலும் ஹேண்டில்பார் மேல் தப்பில்லை. லீவர் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருந்தால், பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு பின்னால் மடங்கும். லீவரை ஹேண்டில்பாரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டில் உட்கார்ந்து விரலை நீட்டுங்கள். முழங்கை முதல் விரல்நுனி வரை ஒரே கோடாக வரும் சாய்வில் லீவரை நிறுத்துங்கள். ரெண்டு பக்கமும் ஒரே சாய்வு. இல்லாவிட்டால் முன்னால் நின்று பார்க்க வண்டி கோணலாகத் தெரியும். போல்ட்டைத் திரும்ப இறுக்கும்போது வெறி கொண்டு முறுக்க வேண்டாம். வண்டி சாய்ந்தால் லீவர் திரும்பட்டும், ஒடிய வேண்டாம்.

ஹேண்டில்பார் உயரத்தை மாற்ற, அதைத் தாங்கும் தண்டான ஸ்டெம்மின் போல்ட்டை ரெண்டு மூன்று சுற்று தளர்த்தி, போல்ட் மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். நம்ம உப்புக்காற்றில் ஸ்டெம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கோடு துருவேறி ஒட்டியிருக்கும். என் வண்டிக்கு ஒரு ராத்திரி டீசலில் ஊறல்! திரும்ப மாட்டும்போது கிரீஸ் பூசுங்கள். ஸ்டெம்மில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது.

ஒயர் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கும் பழைய கம்பி பிரேக் வண்டியா? ஹேண்டிலைத் தூக்கினால் கம்பியும் மேலேறி, பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வும். கம்பியின் நீளத்தையும் சரிசெய்த பிறகே மிதியுங்கள்.