பார்ப்பதெல்லாம் 'சீ' இல்லை

பொத்துவில் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் வேலை செய்கிற தம்பி ஒருவன், காலையில் கடலுக்குக் கிளம்பிய வெள்ளைக்கார அம்மாவிடம் 'படி ஈரமாக இருக்கிறது, பார்த்துப் போங்க' என்று சொல்ல நினைத்து, ஆங்கிலத்தில் 'சீ அண்ட் கோ' (see and go) என்று சொல்லியிருக்கிறான். அவ எதைப் பார்க்கச் சொல்கிறான் என்று தெரியாமல் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்திருக்கிறா, அந்த நேரத்தில் கால் வழுக்கி விழுந்துவிட்டா. பெரிய அடி இல்லை. ஆனால் அவன் அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக் கொண்டிருந்தான், பிறகு என்னிடம் வந்து, நான் சொன்னதில் என்ன பிழை என்று கேட்டான்.

'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்றோ, வெறுமனே 'கேர்ஃபுல்' என்றோ சொல்லியிருந்தால் போதும். பிழை அவனுடைய அறிவில் இல்லை. நம்முடைய 'பார்' என்ற சொல் அவ்வளவு வேலை செய்கிறது. படம் பார்க்கிறோம், டொக்டரைப் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம், கறியில் உப்பு இருக்கிறதா என்று நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கிறோம். இவ்வளவுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த 'சீ' ஒன்றையே போட்டால் பாதி இடத்தில் விளங்காது, மீதி இடத்தில் வேறு அர்த்தம் வரும்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குக் கவலை. நம்மூரில் இன்றைக்கும் பேச்சில் 'கண்டன்' என்று சொல்கிறோம். 'உங்கள நேத்துச் சந்தையில கண்டன்' என்றால், தேடிப் போகவில்லை, கண்ணில் பட்டது. அதுதான் 'சீ'. கண்ணை நாமாக ஒரு பக்கம் திருப்பினால் அது 'லுக்'. கண்ணை எடுக்காமல், அடுத்து என்ன நடக்கும் என்று இருந்தால் அது 'வாட்ச்'. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் வயலுக்கு யானை வரும் என்று பரணில் இரவு முழுக்கக் காவல் இருக்கிறார்களே, அவர்கள் செய்வது 'வாட்ச்'. இரவு டோர்ச்சை அடித்து ஒரு பக்கம் திருப்புவது 'லுக்'. அந்த வெளிச்சத்தில் யானை தெரிந்தால் 'சீ'. காவல்காரரை நாம் வாச்சர் என்கிறோம், அதுவும் இதே சொல்தான். 1000 வருடத்துக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இந்த 'வாட்ச்' என்பதற்குக் கண்விழித்திருப்பது என்றுதான் பொருள், விழிப்பதைச் சொல்கிற 'வேக்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர்.

இது மனதில் பதிந்துவிட்டால் 'ஐ ஆம் சீயிங் எ பேர்ட்' என்று சொல்ல வாய் வராது. கண்ணில் படுவது நாம் செய்துகொண்டிருக்கிற வேலை இல்லையே, அதனால் 'ஐ கேன் சீ எ பேர்ட்' என்றுதான் சொல்வார்கள். பறவைகள் சரணாலயமான குமணவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற தம்பிமார் இந்த ஒரு வரியைப் பாடமாக்கி வைத்தால் போதும்: 'லுக் அட் தட் ட்ரீ. கேன் யூ சீ த ஸ்டோர்க்?' மரத்துப் பக்கம் திரும்பு, நாரை தெரிகிறதா? அதே நாரையை அரை மணித்தியாலம் நின்று பார்த்தால், 'வீ வாட்ச்ட் இட்'.

'லுக்' போட்டால் பின்னால் 'அட்' வேண்டும். 'லுக் த போட்' என்பதுதான் நான் அதிகம் கேட்கிற பிழை. காதுக்கும் இதே கணக்குத்தான். தானாகக் கேட்பது 'ஹியர்', காது கொடுப்பது 'லிசன்', அதற்குப் பின்னால் 'டு' வேண்டும். பௌர்ணமி இரவில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்றால், 'வீ லிசன்ட், பட் வீ குடின்ட் ஹியர் எனிதிங்'.

ரீவி, மேட்ச் எல்லாம் 'வாட்ச்'தான். தியேட்டரில் படம் பார்த்தால் 'சீ', 'வாட்ச்' இரண்டும் சரி. டொக்டரைப் பார்ப்பதற்கு 'சீ' சரி. ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட ஒரு தங்கச்சி, நேர்முகத் தேர்வில் 'ஐ வாஸ் சீயிங் மை மதர்' என்று சொல்லியிருக்கிறா. அம்மாவைச் சந்திக்கப் போய்வந்தேன் என்று ஆகிவிடும். அவ பட்ட கஷ்டம் அந்த வாக்கியத்தில் வரவே இல்லை. 'லுக்கிங் ஆஃப்டர்' என்று இருக்க வேண்டும். மறுகா, 'ஐ ஆம் சீயிங் சம்வன்' என்று எங்கேயும் சாதாரணமாகச் சொல்லிவிடாதீர்கள், ஒருவரோடு காதலில் இருக்கிறேன் என்று அர்த்தம். முதல் தடவை சந்திப்பவரிடம் 'நைஸ் டு மீட் யூ', அடுத்த தடவையிலிருந்து 'நைஸ் டு சீ யூ'. அடுத்த தடவையும் 'மீட்' என்றே சொன்னால், முன்பு சந்தித்ததை மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள்.

சாப்பிட்டுப் பாருங்க, போட்டுப் பாருங்க, கேட்டுப் பாருங்க: இதில் கண்ணுக்கு வேலையே இல்லை. எருமைத் தயிரும் பாணியும் வைத்துவிட்டு 'ஈட் அண்ட் சீ' என்று சொல்லாதீர்கள், 'ட்ரை இட்' என்று சொல்லுங்கள். ஆனால் முடிவு சொல்லாமல் நாம் இழுக்கிற 'பாப்பம்' இருக்கிறதே, அதற்கு 'வீல் சீ' அச்சாகப் பொருந்தும்.

முறைத்துப் பார்ப்பது 'ஸ்டேர்', ஆட்களை அப்படிப் பார்ப்பது வெள்ளைக்காரரிடமும் மரியாதை இல்லை. ஒரு நொடி கண்ணை ஓட்டுவது 'கிளான்ஸ்', மறைந்து எட்டிப் பார்ப்பது 'பீப்', கூட்டத்துக்குள் சட்டென்று கண்டுபிடிப்பது 'ஸ்பொட்'. இவற்றை ஒரே மூச்சில் பாடமாக்க வேண்டாம், தேவை வரும்போது ஒவ்வொன்றாக வரட்டும்.

கடிதம், ஈமெயில் எழுதுகிறவர்களுக்கு 'எதிர்பார்க்கிறேன்' என்பது பெரிய குழி. 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை' என்று எழுதினால் பதில் தந்தே ஆக வேண்டும் என்று கட்டளையிடுவது போல இருக்கும். 'ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று எழுதுங்கள். ஆளைச் சந்திக்க ஆவலாக இருந்தால் 'லுக்கிங் ஃபோர்வர்ட் டு சீயிங் யூ', அந்த இடத்தில் 'டு சீ யூ' பிழை. இன்னொன்று, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்: ஒரு பெண் 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்' என்று அதோடு நிறுத்தினால், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்றுதான் கேட்பவருக்கு விளங்கும்.