கனடாத் தேர்தல் நேரத்தில் ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

சித்திரை வருடப்பிறப்பை ஊரில் கழிக்க வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே விமானச்சீட்டு எடுத்து வைக்கும் நம்மவர்கள், அந்த நாட்களில் கனடாவில் ஒரு பொதுத் தேர்தல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைப்பதில்லை. 2025இல் அப்படித்தான் வந்தது. ஜனவரி 6ஆம் திகதி பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ பதவி விலகப்போவதாக அறிவித்தார். மார்ச் 9இல் மார்க் கார்னி லிபரல் கட்சித் தலைவரானார். மார்ச் 23இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, ஏப்ரல் 28ஆம் திகதி தேர்தல் என்று குறிக்கப்பட்டது. வருடப்பிறப்பு, பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு எல்லாம் அந்த ஐந்து வாரங்களுக்குள்ளேயே வந்தன. அந்தக் காலத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தவன் என்ற முறையில், இனிப் போகிறவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

முதலில் வாக்கு. தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னர் சில நாட்களாவது நீங்கள் கனடாவில் இருப்பீர்கள் என்றால், தேர்தலை நடத்தும் எலெக்சன்ஸ் கனடாவின் தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போய், விசேட வாக்குச்சீட்டில் வாக்களித்துவிட்டு விமானம் ஏறுங்கள். முன்கூட்டிய வாக்களிப்பு ஏப்ரல் 18 முதல் 21 வரை நடந்தது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விசேட வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்காது. உங்கள் தொகுதியில் நிற்பவரின் பெயரை நீங்களே எழுத வேண்டும். 2025இல் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டு, மொத்தத் தொகுதிகள் 338இலிருந்து 343 ஆகிவிட்டதால், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரே வீட்டில் நெடுங்காலமாக இருப்பவர்கள்கூடத் தங்கள் தொகுதிக்குப் புதுப் பெயர் வந்திருப்பதை வாக்காளர் அட்டை வந்த பிறகுதான் கவனித்தார்கள். தொகுதியையும் வேட்பாளரின் முழுப் பெயரையும் சரிபார்த்த பின்னரே எழுதுங்கள்.

அறிவிப்பு வருமுன்னரே ஊருக்குப் போய்விட்டவர்களுக்கு வழி ஒடுக்கமானது. இணையத்தில் விண்ணப்பித்தால் வாக்குச்சீட்டு உறை தபாலில் ஊர் முகவரிக்கு வரும். நிரப்பிய உறை, தேர்தல் நாளன்று கிழக்குக் கனடா நேரப்படி மாலை 6 மணிக்குள் ஒட்டாவாவில் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கான கடைசித் திகதி ஏப்ரல் 22 என்று அறிவித்திருந்தார்கள். அந்தத் திகதி ரொறன்ரோவில் இருப்பவருக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்து மீசாலையில் இருப்பவருக்கு அது ஒரு பயனும் தராது. என் மனைவி எனக்கு முன்பே புறப்பட்டிருந்தார். அறிவிப்பு வந்தவுடனே விண்ணப்பித்தும், உறை அவர் கைக்கு வந்தபோது தேர்தல் முடிந்திருந்தது. மொன்றியலுக்கு வடக்கேயுள்ள தெரெபொன் தொகுதியில், மீள் எண்ணிக்கைக்குப் பின் லிபரல் வேட்பாளர் ஒரேயொரு வாக்கினால் வென்றார் என்பதையும், திருப்பி அனுப்பும் உறையில் அஞ்சல் குறியீடு பிழையாக இருந்ததால் ஒரு வாக்காளரின் சீட்டு அவரிடமே திரும்பி வந்தது என்பதையும் மே மாதத்தில் வாசித்தபோது, மனைவி அந்தத் திறக்காத உறையை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஐந்து வருடத்துக்கு மேல் வாழும் குடிமக்களின் வாக்குரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஜனவரியில் வென்றெடுத்திருக்கிறார்கள். அப்படி வந்த உரிமை தபால் தாமதத்தில் போகக்கூடாது.

செய்தியைத் தொடர்வது பெரிய காரியமில்லை. கோடை நேரத்தில் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். நியூஃபவுண்லாந்தில் வாக்களிப்பு முடியும்போது ஊரில் விடியற்காலை நாலரை. ஒன்ராறியோவில் முடியும்போது காலை ஏழு. கனடாவின் அரச ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் ஜெம் செயலி கனடாவுக்கு வெளியே வேலை செய்யாது, ஆனால் யூரியூப் நேரலை கிடைக்கும். ஏப்ரல் 29ஆம் திகதி எட்டு மணியாகுமுன்னரே லிபரல் ஆட்சி என்று கணித்துவிட்டார்கள். கன்சர்வேற்றிவ் கட்சித் தலைவர் பியர் பொலியேவ் தன் கார்ல்ற்றன் தொகுதியையே இழந்தார் என்பது உறுதியாவதற்கு மத்தியானம் கடந்துவிட்டது. உங்கள் கனடாத் தொலைபேசி இலக்கத்தை அணைத்து வைக்காதீர்கள்; வங்கியும் அரச இணையத்தளங்களும் இரகசியக் குறியீட்டை அந்த இலக்கத்துக்குத்தான் அனுப்பும்.

இனிச் சொல்வதைத்தான் ஊன்றி வாசிக்க வேண்டும். கனடா அரசியல்வாதிகளோடு நின்று எடுத்த படங்களை ஊரிலுள்ள உறவினர்களுக்கு அனுப்பாதீர்கள்.

ஓகஸ்ட் கடைசியில் மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழர் தெருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பாராளுமன்ற உறுப்பினர்கள் கூட்டத்துக்குள் நடந்து வருவார்கள், கேட்டவர்கள் எல்லோரோடும் படம் எடுப்பார்கள். அப்படி ஒருவரோடு நான் நின்ற படத்தை என் மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். மீசாலையில் என் பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஏறியபோது, அந்தப் படம் பெரிதாக அச்சிடப்பட்டு, லமினேற் செய்யப்பட்டு, காலஞ்சென்ற பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி வருமுன்னரே ஒரு ஃபைல் வந்தது. பெரியம்மாவின் பேரன் கனடாவில் படிக்க விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருந்தான். உயர்தரப் பெறுபேறு, வங்கிக் கணக்கு, அடையாள அட்டைப் பிரதிகள், நொத்தாரிசு கையொப்பமிட்ட சத்தியக்கடதாசி எல்லாம் பிளாஸ்ரிக் தாள்களுக்குள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. இவ்வளவுக்கும் ஒரு ஏஜென்சிக்குக் காசு கட்டியிருந்தார்கள். அந்தக் காசுக்குத் தோட்டக்காணி ஈட்டில் இருந்தது.

“மோனை, உங்கட ஆக்கள்தானே அங்க எம்பியாயும் மந்திரியாயும் இருக்கினம். அவையிட்ட ஒரு கடிதம் வாங்கித் தந்தாப் போதும், அப்பீல்ல சரிவரும் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லுறான்.”

“பெரியம்மா, விசா குடுக்கிறது அதிகாரி. எம்பி கேட்டாலும் ஃபைல் எந்த நிலையில இருக்கு எண்டுதான் சொல்லுவினம். முடிவை மாத்தேலாது.”

“அப்ப நீங்கள் என்னத்துக்கு அங்க வோட்டுப் போடுறனீங்கள்?”

அந்தக் கேள்விக்கு அந்த விறாந்தையில் இருந்துகொண்டு எந்தப் பதிலும் எடுபடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் முயன்றேன். 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு கொண்டுவந்ததையும், படிப்புக் கட்டணத்துக்கு மேலாக வாழ்க்கைச் செலவுக்கு 20,635 டொலர் காட்ட வேண்டும் என்றாக்கியதையும், 2025க்கான நிரந்தர வதிவிட இலக்கை ஐந்து இலட்சத்திலிருந்து 395,000 ஆகக் குறைத்ததையும், பெற்றோரை அழைக்கும் திட்டத்தில் புது விண்ணப்பங்களை நிறுத்தி வைத்ததையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். இவை எல்லாவற்றையும் செய்தது நான் வழமையாக வாக்களிக்கும் கட்சியின் அரசுதான் என்பதையும் மறைக்கவில்லை. இந்தத் தேர்தலில் ட்ரம்பின் வரியும், கனடா அமெரிக்காவின் ஐம்பத்தோராவது மாநிலமாக வேண்டும் என்ற அவருடைய பேச்சும் எல்லாவற்றையும் மூடிவிட்டன, குடிவரவைத் திரும்பத் திறப்போம் என்று எந்தப் பெரிய கட்சியும் வாய் திறக்கவில்லை என்று சொன்னேன். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ஃபைலை மூடி, என் மடியில் வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்கை முழுவதும் வரத் தொடங்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மருமகளின் ஸ்பொன்சர் கடிதங்களோடு வந்தார். சுன்னாகத்திலிருந்து ஒரு தாய், பிள்ளையின் கடவுச்சீட்டோடு பஸ் ஏறி வந்தார். கீரிமலைக்குக் குளிக்கப் போக எடுத்த வான் முற்றத்தில் நின்றபடியே திரும்பிப் போனது. எல்லோரும் மரியாதையாகத்தான் வந்தார்கள், எல்லோரும் அந்தப் படத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். முடியாது என்று நான் சொல்லச் சொல்ல, செய்ய மனமில்லாமல் சொல்கிறேன் என்றே எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெரியம்மாவின் பேரனிடம் கொஞ்சம் கடுமையாகவும் பேசினேன். அன்றிரவு பெரியம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அண்டைக்கு உனக்குக் காசு கட்டேக்க நான் சட்டம் கேக்கேல்ல மோனை.”

உண்மை. நான் புறப்பட்ட காலத்தில் அவருடைய சங்கிலி அடகுக்குப் போய்த்தான் எனக்குப் பயணச்சீட்டு வந்தது. அதை அவர் மீட்கவே இல்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தபோது, மீனவர்கள் ஏற்றிக் கரைசேர்த்தார்கள், அரசு அனுமதி கொடுத்தது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது, அவர்களைத் தடுப்பில் வைத்தார்கள். நான் கதவு திறந்திருந்த காலத்தில் போனவன். பேரனின் நிராகரிப்புக் கடிதத்தில், படிப்பு முடிந்ததும் கனடாவை விட்டு வெளியேறுவார் என்று அதிகாரி திருப்திப்படவில்லை என்று எழுதியிருந்தது. திரும்பிப் போகாத ஒருவன் அந்தக் கடிதத்தை மடியில் வைத்து, திரும்பிப் போவேன் என்று எப்படி நிரூபிப்பது என்று இன்னொருவனுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஆகவே, கேட்பவருக்கு அரைகுறையாக வாக்குக் கொடுக்காதீர்கள். “போய்ப் பாத்துச் சொல்லுறன்” என்பது நமக்கு விடைபெறும் பேச்சு, அவர்களுக்கு அது காணியை மீட்காமல் இன்னொரு வருடம் வைத்திருப்பதற்கான காரணம். ஒரு சொல்லில் முடியாது என்று சொல்லிவிட்டு, உண்மையில் செய்யக்கூடியவற்றைச் செய்யுங்கள். மாணவர் அனுமதி நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீடு என்று ஒன்றில்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவென்றால் 60 நாட்களுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தில் நீதி மீளாய்வு கோரலாம். அப்பீலுக்கென்று யாராவது காசு கேட்டால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் செய்ய, கனடாவில் உரிமம் பெற்ற சட்டத்தரணிக்கும், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவுபெற்றவருக்கும், அவர்களைப் போல் சட்டம் அனுமதித்த சிலருக்கும்தான் உரிமை உண்டு. கல்லூரியின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எங்கள் ஏஜென்சிக்காரரின் பெயரை அதில் தேடினேன்; இல்லை.

இன்னொன்று, முகநூல். மே 10ஆம் திகதி கனடாவின் பிராம்ரன் நகரில் சிங்குவாகூசி பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறக்கப்பட்டதும், சில நாட்களில் கொழும்பில் வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் கனடா உயர்ஸ்தானிகரை அழைத்து எதிர்ப்புத் தெரிவித்தார். மே 18ஐத் தமிழின அழிப்பு நினைவுநாளாக ஏற்று 2022இல் கனடாப் பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியதில் பெருமைப்படுகிறவன் நான். அந்தத் தூபிக்கும் மலர் வைப்பேன். ஆனால் ஊரில் இருந்துகொண்டு, உறவினர் வீட்டு வாசலில் நின்று எடுத்த படத்தோடு அதைப் பதிவிடாதீர்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது, 2024இல் இணையவழிப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துவிட்டது. நீங்கள் விமானம் ஏறிய பிறகு யாராவது விசாரிக்க வந்தால், கதவைத் திறக்கப்போவது பெரியம்மாதான். மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலும் நடந்ததால், ஊரில் கட்சிப் பேச்சு நிறைந்திருந்தது. சுற்றுலா விசாவில் வந்தவர் அதைக் கேட்கலாம். மேடைக்குப் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

பேரன் விடயத்தில் நான் செய்திருப்பது இதுதான். நிராகரித்த அதிகாரி தன் கணினியில் என்ன எழுதினார் என்பதை, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஐந்து டொலர் கட்டி எடுக்கலாம். விண்ணப்பித்தவர் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்டால், கனடாவிலுள்ள உறவினர் அதைக் கேட்டுப் பெறலாம். புறப்படும் நாளன்று அந்தப் பத்திரத்தில் அவனிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டேன். ரொறன்ரோவுக்கு வந்ததும் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். குறிப்புகள் வந்தவுடன், எந்தப் பத்திரம் குறைந்தது, எந்த விளக்கம் எடுபடவில்லை என்று பார்த்து, ஏஜென்சி இல்லாமல் அவனே எழுதக்கூடிய விண்ணப்பம் ஒன்றை அவனோடு வீடியோவில் இருந்து எழுதப்போகிறேன். ஈட்டுக்காணியின் இந்த வருட வட்டியை நான் கட்டியிருக்கிறேன்.