கப்பல் சொற்களைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

டர்பனில் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு ஒரு மாணவி கடற்படைக் குழூஉக்குறிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். முதல் பத்தியைப் படித்ததும், இருபது ஆண்டுகளுக்கு முன் நானே எழுதியதைப் படிப்பதுபோல் இருந்தது. எழுத்துப்பிழைகளை அவரே திருத்திக்கொள்வார். தானாகத் திருந்தாத பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒலி ஒத்தால் உறவு என்பது

'நாவாய்'தான் ஆங்கிலத்தில் 'நேவி' ஆனது என்று எழுதியிருந்தார். சான்று, 'கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' என்ற 496ஆம் குறள். நாவாய் பழைய சொல் என்பதற்குக் குறள் சான்றாகும்; அது இங்கிலாந்துக்குப் போனதற்கு ஆகாது. லத்தீன் 'நாவிஸ்' பழைய பிரெஞ்சு வழியாக 'நேவி' ஆகி, 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. ஆங்கிலேய வணிகர்கள் நம் கரைக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில்.

இதே பிழையை நான் கண்காட்சிப் பலகையில் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்தேன். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நின்று படித்தார். "தம்பி, இது தப்பு. அப்படியானால் பக்கத்தில் இருக்கும் கட்டுமரக் கதையும் தப்புதானே?" என்றார். எனக்கு நா எழவில்லை. ஏனென்றால் நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆன கதை முழு உண்மை. கோரமண்டல் கரையில் அந்தப் பெயர் வழங்கியதை டாம்பியர் என்ற மாலுமி 1697இல் வெளிவந்த தன் நூலில் பதிந்திருக்கிறார். 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்ட வெடிகளுக்கும் 'கட்டமரான்' என்றே பெயர். இன்று டர்பன் படகுத்துறையில் அது இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு. இவ்வளவு தூரம் பயணம் செய்த நம் சொல்லை, பக்கத்தில் வைத்த ஒரு பொய்யால் நானே சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

யார் கொண்டுபோனார்கள், எந்த ஆண்டில் எழுத்தில் வந்தது: இரண்டுக்கும் விடை கிடைக்கும் வரை அச்சுக்குப் போகாதீர்கள்.

வாங்கியதை மறைப்பது

'மாலுமி' அரபியின் 'முஅல்லிம்'. 'சுக்கான்' என்பதும் அரபிச் சொல்லே. கரையோரத் தமிழரும் அரபு வணிகரும் நூற்றாண்டுகளாக ஒரே கடலில் கலம் செலுத்தியதன் தடம் இது. நம்மிடம் கலம் செலுத்துபவரைக் குறிக்கும் 'மீகாமன்' இருப்பதால் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. இல்லாவிட்டாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

முதலெழுத்துக் கதைகள்

ஆபத்தில் உதவி கேட்கும் குறியான எஸ்.ஓ.எஸ். 'சேவ் அவர் சோல்ஸ்' என்பதன் சுருக்கம் என்பார்கள். அது எதன் சுருக்கமும் அல்ல. மோர்ஸ் தந்தியில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டது.

பட்டப்பெயர்க் கதை எல்லாம் பொய் என்பது

ஒருமுறை சூடுபட்டவர்கள் இப்படி எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். ஆனால் உண்மைக் கதையும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் வெர்னன் கிராக்ரம் என்ற முரட்டுத் துணியில் மேலங்கி அணிவார். மாலுமிகள் அவரைக் 'கிழட்டுக் கிராக்' என்றார்கள். 1740இல் ரம்மில் தண்ணீர் கலந்து கொடுக்க அவர் உத்தரவிட, அந்தப் பானமும் 'கிராக்' ஆயிற்று.

ட்ரூரோ

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பலில் மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்கள் வாயில் மாலுமிப் பேச்சைத் திணிக்காதீர்கள்.