மருந்தைத் தேடுவதற்கு முன் பாத்தியைத் தோண்டிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட லயத்து வீடுகளை விட்டுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு வந்த பிறகும், பின்பக்கம் நாலு கத்திரிச் செடியும் ஒரு பந்தல் பயற்றங்காயும் போடாத வீடு குறைவு. சூராவ் (சிறு தொழுகை இல்லம்) பக்கத்துக் காலி நிலத்திலும் நாங்கள் சிலர் சேர்ந்து காய்கறி போடுகிறோம். புதிதாக வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: "நாத்து ராத்திரியோட ராத்திரியா சாயுதே, என்ன மருந்து அடிக்கலாம்?"

முதலில் தோண்டுங்கள். ஒரு அடிச் சதுரம், அரை அடி ஆழம். மண்ணைச் சாக்கில் கொட்டி விரலால் உதிர்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு புழு தட்டுப்பட்டால் பதற வேண்டாம். ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ தின்றாலும் அது அவருக்குத் தர்மம் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்ன ஹதீஸ் (நபிமொழி) புகாரி தொகுப்பில் இருக்கிறது. கொஞ்சம் போகட்டும் என்ற மனம் விவசாயத்துக்கு வேண்டும். குழிக்குக் குழி கைநிறையப் புழு வந்தால்தான் வேலை இருக்கிறது.

அடுத்து, யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்படாமல் செய்யவேண்டியது இதுதான். காலையில் நாற்று தரைமட்டத்தில் கத்தரித்த மாதிரி விழுந்து கிடந்தால் வெட்டுப்புழு. தண்டைச் சுற்றி இரண்டு விரல் ஆழம் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு படுத்திருக்கும். செடி வாடி, லேசாக இழுத்ததும் வேரில்லாமல் கையோடு வந்தால் வேர்ப்புழு, அதாவது வண்டின் புழு. தலை பழுப்பு, உடம்பு வெள்ளை, பிறை போல வளைந்திருக்கும். பாத்தியின் மேல் மண் கோடுகோடாகப் புடைத்திருந்தால் பிள்ளைப்பூச்சி.

நூற்புழுவைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், அது கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் செடி துவளும், சாயங்காலம் நிமிரும், ஆனால் வளராது. பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். பயற்றங்காயில் மட்டும் கவனம்: அதன் வேரில் நல்ல முடிச்சும் உண்டு. நகத்தால் தள்ளினால் உதிர்வது நல்லது, தழைச்சத்துத் தருவது. வேரே பருத்து, பிய்க்க வராமல் இருந்தால் நூற்புழு.

ஆள் தெரிந்துவிட்டால் வழி எளிது.

வெட்டுப்புழுவுக்கு அடிப்பக்கம் வெட்டிய காகிதக் கோப்பை போதும். நாற்றைச் சுற்றி, மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகும்படி செருகுங்கள். இரவு இஷா தொழுதுவிட்டு டார்ச் லைட்டோடு ஒரு சுற்று வந்தால், மேலே வந்த புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். பிள்ளைப்பூச்சிக்கு நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, புடைத்த இடத்தில் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் வெளியே வரும், கோழி பார்த்துக்கொள்ளும்.

வேர்ப்புழுவுக்குப் பாதி மட்கிய எருவே அழைப்பு. செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வெறுங்குலை (பழம் உதிர்த்த குலை) சும்மா கிடைக்கிறது என்று வீட்டோரம் குவித்துவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அந்த மாதிரிக் குவியலில்தான். மண்ணைக் கொத்தி இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, கோழியை விடுங்கள்.

நூற்புழுவுக்குப் பொறுமை வேண்டும். பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, நாலு முதல் ஆறு வாரம் விடுங்கள். மழை குறைவான ஜூன், ஜூலை தோது. பிறகு சதுர மீட்டருக்கு 25 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, இரண்டு வாரம் கழித்து நடுங்கள். துலுக்கச் சாமந்தியும் உதவும், ஆனால் ஓரத்தில் இரண்டு செடி வைத்துப் பயனில்லை. பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். பூவைப் பூக்கடை அண்ணன் வாங்கிக்கொள்வார். கத்திரி, தக்காளி, வெண்டை மூன்றையும் ஒரே பாத்தியில் மாற்றி மாற்றி வைப்பது நூற்புழுவுக்கு விருந்து.

செய்யக்கூடாதவை இரண்டு. எறும்புப் புற்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது இங்கே பழைய வழக்கம். எரிந்த எறும்புப் புற்றைக் கண்ட நபியவர்கள், நெருப்பால் வேதனை செய்வது நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே உரியது என்று சொன்னார்கள்; அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. மண்ணுக்கும் அது நல்லதில்லை, உரமாகும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சாகின்றன. இரண்டாவது, யார் வீட்டிலாவது மிச்சமிருக்கும் பழைய கார்போஃபியூரான் பூச்சிக்கொல்லிக் குருணையை வாங்கித் தூவுவது. 2023 மே முதல் மலேசியாவில் அதற்குத் தடை. மழை பெய்தால் நம் பாத்தி விஷம் பக்கத்து வீட்டு வடிகாலுக்குத்தான் போகும், அந்த வீட்டுக் கோழியும் அங்கேதான் மேயும். யாருக்கும் தீங்கு செய்யாதே என்ற நபிமொழிக்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அறுவடையில் புழு கடித்த காய் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சூராவ் கந்தூரி விருந்துக்கும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும், எதிர்வீட்டு மலாய் மாக்சிக்குக்கும் (அத்தைக்கும்) முழுக்காயை எடுத்து வையுங்கள். நீங்களே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் மட்டமானதைத் தர்மமாகக் கொடுக்காதீர்கள் என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 267ஆம் வசனம் சொல்கிறது. கடித்ததை நறுக்கித் தள்ளிவிட்டு நம் சாம்பாரில் போடலாம். செடிகளைப் பிடுங்கியதும், அடுத்த விதைக்கு முன் அதே பாத்தியில் இன்னொரு குழி தோண்டிப் பார்த்துவிடுங்கள்.