ஆற்றல் ஓட்டம்: சார்ட்டில் ஒட்டிக்கொள்ளும் தவறுகள்

போன மாதம் சுசீந்திரம் பக்கம் ஒரு அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். உணவுச் சங்கிலியைப் பற்றி ஏழு சார்ட். அதில் ஐந்தில், இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. எழுத்துப்பிழை, கோணல் கோடு எல்லாம் கிடக்கட்டும். மற்றதைச் சொல்கிறேன்.

அம்புக்குறி

தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கிப் போக வேண்டும். மீனிலிருந்து கொக்குக்கு.

ஆற்றலை வட்டமாக வரைவது

புல், மாடு, மனிதன், பாக்டீரியா, அங்கிருந்து மறுபடி புல். இந்த வட்டத்தில் எல்லா அம்பிலும் ‘ஆற்றல்’ என்று எழுதிவிடுவார்கள். பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். காரணம், இதே படத்தை ஒரு முழு பிளைவுட் பலகையில் சொந்தக் காசில் எனாமல் பெயின்டால் வரைந்து, தேரூர்க் குளக்கரையில் வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான்.

வயலுக்குத் தண்ணீர் திருப்ப வந்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “மக்கா, எருவோட சேந்து சக்தியும் மண்ணுக்குத் திரும்பி வருமுன்னா, தென்னை நெழலு விழுற மூலையிலயும் அதே எருதானே போடுறேன். அங்க மட்டும் ஏன் பதரா போகுது?”

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அவர் வீட்டு எருக்குழியைக் கிளறும்போதுதான் புரிந்தது. மேலே காய்ந்த சாணம். ஒரு முழம் தோண்டியதும் குப்பென்று ஆவி, கை வைக்க முடியாத சூடு. சாணத்திலும் வைக்கோலிலும் மிச்சமிருந்த ஆற்றலைப் பாக்டீரியாவும் பூஞ்சையும் சுவாசித்துச் செலவழிக்கின்றன; அது சூடாகக் காற்றில் போய்விடுகிறது. அந்தச் சூட்டை வைத்து எந்தப் பயிராலும் உணவு தயாரிக்க முடியாது. மண்ணுக்குத் திரும்புவது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள்தான். சத்து சுற்றி வரும், ஆற்றல் ஒருவழியாகப் போய்விடும். அந்த மூலையில் சத்து இருந்தது, வெயில் இல்லை. (தென்னை வேரும் கொஞ்சம் உறிஞ்சியிருக்கும், அது வேறு கதை.)

எனாமலை அழிக்க முடியவில்லை. புதுப் பலகை வாங்கினேன். பழையது இன்று கோழிக்கூட்டுக்குக் கதவு.

சிதைப்பவையிலிருந்து (பாக்டீரியா, பூஞ்சை) செடிக்கு அம்பு போடலாம், ஆனால் வேறு நிறத்தில், ‘சத்து’ என்று எழுதி. செடி உட்பட ஒவ்வொரு உயிரிலிருந்தும் வெளியே ‘வெப்பம்’ என்று ஓர் அம்பு போடுங்கள். அது திரும்பி வரக் கூடாது.

பத்து சதவீதத்தைக் கல்லில் பொறிப்பது

உணவுச் சங்கிலியில் ஒரு மட்டத்து ஆற்றலில் பத்து சதவீதம்தான் அடுத்த மட்டத்துக்குப் போகும் என்பது பாடப்புத்தக விதி. சூழலியலாளர் ரேமண்ட் லிண்டமன் அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடார் பாக் என்ற ஏரியை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1942-இல், அவர் இறந்த பிறகு வந்தது. அதில் தாவர உண்ணிகளுக்கு 13.3, அடுத்த மட்டத்துக்கு 22.3 சதவீதம் என்றுதான் இருக்கிறது. பத்து என்பது தோராயம். பரீட்சையில் பத்து என்றே போடுங்கள், மார்க் முக்கியம். ஆனால் குளத்தங்கரையில் நின்று ‘ஆயிரம் கிலோ பாசி, நூறு கிலோ மீன், பத்து கிலோ கொக்கு’ என்று சொல்லாதீர்கள். விதி ஆற்றலுக்கு, எடைக்கு அல்ல.

உதிர்ந்த இலையை மறப்பது

பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அந்த இலையில் பெரும்பகுதியைப் பச்சையாக யாரும் தின்பதில்லை. பழுத்து விழுந்து, சேற்றில் ஊறி, பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறிய பிறகுதான் நண்டும் இறாலும் வருகின்றன. ‘பச்சைச் செடி, வெட்டுக்கிளி, தவளை’ என்று மட்டும் வரைந்தால் மணக்குடியில் பாதிக் கதை விட்டுப்போகும்.

கவிழ்ந்த பிரமிடு

ஒவ்வொரு மட்டத்து உயிர்களின் மொத்த எடையையும் கீழிருந்து மேலாக அடுக்கி வரைவது எடைப் பிரமிடு. கடலில் மிதவைத் தாவரங்களின் எடை, அவற்றைத் தின்னும் மிதவை விலங்குகளின் எடையைவிடக் குறைவாக இருப்பதுண்டு. வேகமாகப் பெருகுவதால் தின்னத் தின்ன வந்துகொண்டே இருக்கும். அப்போது எடைப் பிரமிடு கவிழும், ஆற்றல் பிரமிடு கவிழாது.

சூரியன்

மூலையில் சிரித்த முகத்தோடு வரைந்தால் போதாது. செடிக்கு ஓர் அம்பு வேண்டும்.